எண்பத்தேழாம் கட்டத்துக்காரி

என் பொண்டாட்டி தமிழ்மதிக்கு ஒரு உலோகத்து மேல ஆசைங்க. நகை நட்டுன்னு நெனைச்சுக்காதீங்க. தங்கமோ வெள்ளியோ கேட்டிருந்தா, ஒழிஞ்சு போகுதுன்னு வாங்கிக் குடுத்திருப்பேன். அவ ஆசைப்பட்டது பிரான்சியம். எந்தக் கடையிலயும் கெடைக்காது. அட, கடையை வுடுங்க, உலகத்துல எவனும் அதைக் கண்ணால பார்த்ததே கெடையாதாம். கல்யாணமாகி மூணாம் நாளு இதை எங்கிட்டச் சொன்னா. புது மாப்பிள்ளையாச்சே, ஒன்னும் புரியாட்டியும் தலையை ஆட்டி வெச்சேன்.

எம்பேரு தங்கதுரை. திருப்பூர் முதலிபாளையத்துல ஒரு சாயப்பட்டறையில டையிங் மாஸ்டர். படிப்பு பத்தாவதோட சரி. சாயம் எனக்குக் கையில தெரியும், மூக்குல தெரியும், புஸ்தகத்துல தெரியாது. கோவமும் கொஞ்சம் எச்சாத்தான் வரும். பட்டறையில நான் வர்றேன்னா ஹெல்ப்பருங்க எல்லாம் பீடியைக் கீழ போட்டுருவாங்க. தமிழு அதே பட்டறைக்கு லேப் வேலைக்கு வந்தவ. கணியூர்க்காரி. அப்பன் கரும்புக்காட்டுல கஷ்டப்பட்டு எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி வரைக்கும் படிக்க வெச்சிருந்தார். எங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம்னதும், மாஸ்டருக்கு இவ்வளவு படிச்ச புள்ளையான்னு பட்டறையே வாயைப் பொளந்துச்சு. எனக்கே நம்ப முடியலீங்க.

இந்த ஆசை எப்ப வந்துச்சுன்னா, உடுமலையில அவ படிச்ச காலேஜ்ல வந்துச்சாம். கெமிஸ்ட்ரி லேப் சுவத்துல பெரிய படம் ஒன்னு மாட்டியிருந்துச்சு. உலகத்துல இருக்கற தனிமங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கட்டம், கட்டத்துக்குள்ள அதது போட்டோ. இரும்புக்கு ஆணி, கந்தகத்துக்கு மஞ்சக் கட்டி. இடது ஓரத்துல மேல இருந்து கீழ வர்ற வரிசையில, கடைசி அடியில எண்பத்தேழாம் நம்பர்க் கட்டம் மட்டும் வெறும் வெள்ளையா இருந்துச்சாம். வாத்தியார்கிட்டக் கேட்டிருக்கா. "அது பரீட்சைக்கு வராதும்மா, நீ நடையைக் கட்டு"ன்னுட்டார். பரீட்சைக்கு வராததுதான் இவளுக்கு மண்டைக்குள்ள ஏறிக்கிச்சு.

எனக்கு அவ அதைச் சொல்லிக் குடுத்தது சோத்து முன்னால உக்காத்தி வெச்சுத்தானுங்க. "நாம சாயத்துல மூட்டை மூட்டையா உப்பு கொட்டறோமில்லீங்க, அதுல இருக்கறது சோடியம். அந்த வம்சத்துலயே கடைசிதான் பிரான்சியம்"னா. லித்தியம், சோடியம், பொட்டாசியம், ருபீடியம், சீசியம், அப்பறம் இது. கீழ போகப் போகக் கோவம் எச்சாம். சோடியத்தைத் தண்ணியில போட்டாத் தீப்புடிக்கும், சீசியத்தைப் போட்டா வெடிக்கும். "இது உங்க வம்சமுங்க"ன்னு எனக்கு ஒரு குத்து வேற.

"அப்ப இதைப் போட்டா?"

"போடறதுக்கு யாருகிட்ட இருக்குதுங்க? இருவத்திரண்டு நிமிசத்துல பாதி காணாமப் போயிரும். மிச்சத்துல பாதி அடுத்த இருவத்திரண்டு நிமிசத்துல. மாறி மாறி ரேடியமாப் போயிருது."

"அட கெரகத்தே! ஒரு டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள பாதி போயிருமா?"

"ஆமாங்க. பூமி முழுக்கச் சலிச்சாலும் ஒரு நேரத்துல இருக்கறது ஒரு கைக்கு அடங்கிருமாம். ஒரு துளி உருண்டையா கெடைச்சாலும் அதோட சூட்டுல அதுவே ஆவியாயிரும்."

தனியா ஒரு பருக்கைகூடத் தேறாத பொருளோட குணத்தை எப்படித்தான் கண்டுபுடிச்சாங்கன்னு கேட்டேன். அதுக்குத்தான் சீசியமுன்னா. பிரான்சியத்தோட உப்பு எல்லாம் தண்ணியில கரைஞ்சுரும், குளோரைடு, நைட்ரேட்டு எதுவானாலும். கரையாத ஒன்னு ரெண்டு உப்பு உண்டு, ஆனா அடியில தங்கோணும்னா அத்தனை அணு சேரோணுமே, சேராது. அதனால கொஞ்சம் சீசியத்தைக் கூடப் போடுவாங்களாம். பிளாட்டினம் கலந்த ஒரு மஞ்சத் திரவத்தை ஊத்துனா சீசியம் மஞ்சப் பொடியா அடியில எறங்கும். எறங்கறப்ப பிரான்சியத்தையும் ஒட்டுக்காக் கூட்டிட்டுப் போயிரும். அப்பறம் ஒரு மிஷினுக்கடியில அந்தப் பொடியை வெச்சா, டிக்கு டிக்குன்னு எண்ணிச் சொல்லும். அவ்வளவுதான். பிரான்சியத்தைப் பாக்கறதுன்னா அந்தச் சத்தத்தைக் கேக்கறதுதான். அதைக் கண்டுபுடிச்சதும் ஒரு பொம்பளைதான், பிரான்ஸ் தேசத்துக்காரின்னு சொல்றப்ப தமிழு மொகத்தை நீங்க பாத்திருக்கோணும். கணியூர்ல அவங்கூட்டுக்குப் பக்கத்தூட்டுக்காரி மாதிரியே சொன்னா.

"ஒரே ஒரு தடவை என் கையால பண்ணிப் பாக்கோணுமுங்க. ஒரு தடவை போதும்"னா. இதை ஒரு நாளு சொல்லலை. எட்டு வருசம் சொன்னா. பாப்பா பொறந்த ஆஸ்பத்திரிக் கட்டில்லகூடச் சொன்னா. நான் எகத்தாளம் பேசுவேன். "உனக்கு எண்பத்தேழாம் கட்டத்துக்காரன், எனக்கு இந்தச் சாயம் போடற வின்ச் மிஷினு, நல்ல குடும்பம்"பேன். சிரிச்சுட்டு லேப்புக்குள்ள போயிருவா.

அவ வேலையைப் பத்தியும் சொல்லோணும். வெளிநாட்டு பயர், அதாவது சரக்கு வாங்கறவன், ஒரு கலர்த் துணி அனுப்புவான். அதே ஷேடு வர்ற வரைக்கும் கைக்குட்டை அளவு துணியில சாயம் போட்டுப் போட்டுப் பாக்கறது லேப் வேலை. வந்த புதுசுல இவ அவசரக்குடுக்கை. ஒரு தடவை மஞ்சத் துணி, ரெண்டு அலசு அலசிட்டு ஷேடு ஓக்கேன்னு குடுத்துட்டா. அந்த ரெசிப்பியை வெச்சு நான் அத்தனையும் ஓட்டிட்டேன். கப்பல் ஏறிப் போன பனியன் பூரா சாயம் வுட்டுருச்சு. லாட்டு பூராத் திரும்பி வந்துச்சு. நான் லேப்புக்குள்ள போயி, அத்தனை பேரு முன்னால கத்துனேன். "தண்ணியில ஒரு சொட்டு மஞ்சள் தெரிஞ்சாலும் கையை எடுக்கப்படாது! தண்ணி தெளியோணும்! காயோணும்! ஆறோணும்! அப்பறந்தான் கண்ணு!" அப்ப அவ என் பொண்டாட்டி இல்லீங்க, வேலைக்கு வந்த புள்ளை. அன்னைக்கு அழுதா. அதுக்கப்பறம் அவ கையில அலசுன துணி ஒன்னுகூடச் சாயம் வுட்டதில்லை. அவ அலசறதைப் பாக்கறதே ஒரு அழகு. அதைப் பாத்துத்தான் பொண்ணு கேக்கவே போனேன்.

ரெண்டாயிரத்து அஞ்சுல, எங்க ஆபீஸ்ல மெர்ச்சண்டைசரா இருக்கற அனிதாப் புள்ளை இன்டர்நெட்டுல எதையோ பாத்துட்டு இவளைக் கூப்பிட்டுக் காட்டுச்சு. வடக்கே ஒரு ஆராய்ச்சி நிலையத்துல, காலேஜ் வாத்தியாருங்களுக்கும் கம்பெனி கெமிஸ்ட்டுகளுக்கும் எட்டு நாள் பயிற்சி. கடைசி நாள் செய்முறையில என்ன எழுதியிருந்துச்சு தெரியுமுங்களா? ஆக்டினியம்னு இன்னொரு உலோகத்துல இருந்து பிரான்சியம் பிரிக்கறது. தமிழு அந்தக் காயிதத்தை எடுத்துக்கிட்டு மிஷின் சந்துக்குள்ளயே ஓடி வந்தா. எட்டு வருசத்துல அவ ஓடி நான் பாத்ததில்லை.

மனு போட்டா, எடமும் கெடைச்சுருச்சு. மொதலாளிதான் மொறைச்சார். பயிற்சி முடிஞ்ச அடுத்த திங்கக்கிழமை பெரிய பயர் ஷேடு பாக்க வர்றான், லேப்புல ஆள் இல்லைன்னா எப்படின்னார். "சனிக்கிழமை அவ இங்க இருப்பாங்க, என் பொறுப்பு"ன்னு நாந்தான் வாக்குக் குடுத்தேன். குடுத்துட்டு ஊட்டுக்கு வந்து அவகிட்டக் குதிச்சேன். "ரெண்டு நாள் ரயிலு. வியாழக்கிழமை ரெண்டு மணி வண்டியை வுட்டீன்னா சனிக்கிழமை வந்து சேர மாட்டே. என் மானமே போயிரும். வண்டியை வுட்டுட்டு வர்றதா இருந்தா இந்த ஊட்டுக்கே வராதே"ன்னு சொன்னேன். சொன்னேனுங்க. அந்த வாயை என்ன பண்றது?

எட்டு நாளும் நாந்தான் பாப்பாவுக்கு ரெண்டு சடை பின்னி ஸ்கூலுக்குத் தாட்டிவுட்டேன். ஒன்னு மேல போகும், ஒன்னு கீழ போகும். புள்ளை அழுதுக்கிட்டே போகும். தமிழு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போன் பண்ணுவா. அங்க வாத்தியாரைச் சாருன்னு சொல்றப்பவே அவ கொரலு காலேஜ்ப் புள்ளை கொரலாட்டம் ஆயிருச்சு. "நாளைக்குங்க, நாளைக்குக் காலையிலங்க"ன்னு புதன்கிழமை சொன்னா. நானும் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன், கேட்டா ஒத்துக்க மாட்டேன்.

சனிக்கிழமை சொன்னபடி வந்து எறங்குனா. ஸ்டேஷன்லயே கேட்டேன், "என்ன, பாத்தாச்சா உன் ஆளை?"

சிரிச்சா. "அலசிட்டனுங்க"ன்னா.

ஊட்டுக்கு வந்து, பாப்பா சடையைப் பிரிச்சுப் பின்னிக்கிட்டே சொன்னா. ரெண்டு ரெண்டு பேராப் பிரிச்சு வுட்டாங்களாம். இவ கூட இருந்த வாத்தியாரம்மா, நீங்களே பண்ணுங்கன்னு வுட்டுட்டு வராந்தாவுக்குப் போயிருச்சாம். சார் ஆக்டினியத்துல இருந்து பிரிச்ச தண்ணியைக் கையில குடுத்தார். சீசியம் போட்டா. மஞ்சத் திரவத்தை ஊத்துனா. மஞ்சப் பொடி எறங்குச்சு. வடிகட்டி, ரெண்டு தடவை மட்டும் சில்லுத் தண்ணி ஊத்திட்டு உடனே மிஷினுக்கு எடுத்துட்டு வரச் சொல்லியிருக்காங்க. ஊத்துனா. கீழ வந்த தண்ணி மஞ்சளா வந்துச்சாம்.

அவ்வளவுதானுங்க. கையி நிக்கலை. மறுபடி ஊத்துனா, லேசா மஞ்சள். மறுபடி ஊத்துனா. "என் கண்ணு தண்ணியிலயே இருந்துச்சுங்க. தெளியலையே தெளியலையேன்னுதான் தோணுச்சு. வேற ஒன்னுமே நெனைப்புல இல்லீங்க"ன்னா. தண்ணி தெளிஞ்சப்பறம் வெளக்குக்கடியில வெச்சுக் காய வெச்சா. ஆற வெச்சா. சுத்தமா, பளிச்சுன்னு, ஒரு கறை இல்லாம எடுத்துட்டுப் போயி மிஷினுக்கடியில வெச்சுட்டுச் செவத்துக் கடிகாரத்தைப் பாத்திருக்கா. ரெண்டரை மணி நேரம் ஆயிருச்சு. மத்தவங்களுக்கெல்லாம் ரெண்டாயிரத்துக்கு மேல எண்ணுன மிஷினு இவளுக்கு அறுபது எண்ணுச்சாம். ஒன்னுமே வெக்காம சும்மா இருந்தாலே நாப்பது எண்ணுமாம்.

இருவத்திரண்டு நிமிசம், இருவத்திரண்டு நிமிசம்னு எட்டு வருசமா எனக்குப் பாடம் எடுத்தவ! பத்தாவது படிச்ச எனக்கே மனப்பாடம். அந்தக் கையி யாரு பழக்குன கையின்னு அவ சொல்லவே இல்லை. எனக்குத் தெரியாதா?

"மறுபடி பண்ணிருக்க முடியாதா?"ன்னு கேட்டேன்.

"முடியுமுங்க. ஆக்டினியத்துல அது மறுபடி ஊறிக்கிட்டேதான் இருக்கும். சாரே சொன்னாருங்க, ரெண்டு மணி நேரம் உக்காரும்மா, சாயங்காலம் இன்னொரு தடவை பண்ணிக்கலாம்னு."

"உக்கார்றதுக்கென்ன?"

அவ பாப்பா சடைக்கு ரிப்பன் கட்டிக்கிட்டிருந்தா. நிமுந்துகூடப் பாக்கலை. "வண்டி ரெண்டு மணிக்குங்களே"ன்னா.

திங்கக்கிழமை பயர் வல்லீங்க. அடுத்த மாசம் வர்றேன்னு அனிதாப் புள்ளைக்கு ஒரு மெயில் போட்டுட்டான். அன்னைக்குப் பட்டறையில என்கிட்ட வாயைக் குடுத்தவனெல்லாம் வாங்கிக் கட்டிக்கிட்டான். திட்டறதுக்கு ஆளு நாந்தானே, என்னை யாரு திட்டுவா? தமிழு லேப்புல நின்னு துணி அலசிக்கிட்டிருந்தா. அந்தத் தண்ணி ஓடற சத்தத்தைக் கேக்கவே எனக்குப் பொறுக்கலீங்க. அதுக்கப்பறம் அவ பிரான்சியம்னு வாயைத் தெறக்கவே இல்லை. எட்டு வருசம் எகத்தாளம் பேசுனவன், அவ எப்படா மறுபடி அந்தப் பேச்சை எடுப்பான்னு ஏங்கிக் கெடந்தேன். சோறு போடறப்ப நானாக் கேப்பேன், "இந்நேரம் அங்க ஊறியிருக்குமா தமிழு?" "ஊறியிருக்குமுங்க, போயிருக்குமுங்க"ன்னுட்டு ரசம் ஊத்துவா.

ஒரு வருசம் வெசனப்பட்டுப் பாத்துட்டு, அவளுக்குத் தெரியாம நானே ஒரு காரியம் பண்ணுனேன். அனிதாப் புள்ளைகிட்ட உக்காந்து, நான் தமிழ்ல சொல்லச் சொல்ல, அந்தப் புள்ளை இங்கிலீசுல ஒரு லெட்டர் அடிச்சுக் குடுத்துச்சு. அய்யா, என் சம்சாரம் அன்னைக்கு வண்டிக்கு ஓடி வந்தது என்னாலதான், தப்பு எம்மேல, அவளுக்கு இன்னொரு தடவை குடுங்க, எத்தனை நாள்னாலும் நான் தாட்டிவுடறேன், வேணும்னா நானும் கூட வந்து கதவுக்கு வெளிய உக்காந்துக்கறேன். வீட்டு அட்ரஸ் போட்டு அனுப்பி வெச்சேன். மொதலாளிகிட்டயும் இப்பவே லீவு சொல்லி வெச்சேன், இந்தத் தடவை வாக்குக் கீக்கெல்லாம் குடுக்கலை.

நாப்பது நாள் கழிச்சு, ஒரு சனிக்கிழமை மத்தியானம் பதில் வந்துச்சு. நாங்க ரெண்டு பேரும் ஊட்டுலதான் இருந்தோம். இங்கிலீசு. எனக்குப் படிக்க வராது, ஆனா பெருமை தாங்கலை. "இந்தா, உனக்குத்தான், படிச்சுச் சொல்லு"ன்னு அவ கையில குடுத்தேன். எதுக்கு எழுதுனேன்னு அப்பத்தான் அவகிட்டச் சொன்னேன். அவ என்னையே பாத்தா. அப்பறம் லெட்டரைப் பிரிச்சா. ஒரு தடவை பூராப் படிச்சா. மறுபடி மேல இருந்து ஆரம்பிச்சு எனக்குத் தமிழ்ல சொன்னா.

"உங்க லெட்டர் கெடைச்சுதுன்னு சார் சந்தோசப்பட்டு எழுதியிருக்காருங்க. இந்த வருசம் எடம் நெறைஞ்சு போச்சாம். அடுத்த வருசம் கண்டிப்பாக் கூப்பிடறாங்களாம். உங்களையும் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காருங்க, மிஷின் கிட்டயே உக்காந்து கேக்கலாமாம்."

எனக்குத் தலைகால் புரியலை. பட்டறையில அத்தனை பேருகிட்டயும் சொன்னேன். டிக்கு டிக்குன்னு கேக்கறதுக்கு நானும் போறேன்னு பெருமை பேசுனேன். அவளும் கேட்டுச் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தா. ஒரு மாசம் போச்சு. லீவு சொல்லோணுமே, எந்த மாசம்னு லெட்டர்ல போட்டிருக்கும்னு நெனைச்சேன். "இன்னைக்கு அனிதாகிட்ட மாசம் பாக்கச் சொல்றேன்"னு வாசல்ல இருந்தே அவகிட்டக் கத்திட்டு, அவ சமையல்கட்டுல இருந்து வர்றதுக்குள்ள லெட்டரைப் பாக்கெட்டுல வெச்சு எடுத்துட்டுப் போனேன்.

அனிதாப் புள்ளை படிச்சுது. படிச்சுட்டு, "அண்ணா, அக்கா இதைப் படிச்சாங்களா?"ன்னு கேட்டுச்சு.

லெட்டர்ல இருந்தது இதுதானுங்க. அந்த ஆக்டினியம் ரொம்பப் பழசாயிருச்சாம். அதைப் பொட்டியில போட்டு மூடி, பாதுகாப்பா வெக்கறதுக்குத் திருப்பி அனுப்பிட்டாங்களாம். புதுசு வாங்கப் போறதில்லை. பிரான்சியம் செய்முறையை அடியோட நிறுத்தியாச்சு. தங்கள் மனைவிக்கு அன்னைக்கு ஒரு சாயங்காலம் கெடைக்காமப் போனதுக்கு வருத்தப்படறோம்னு கடைசியில எழுதியிருந்துச்சு.

எங்க சத்தம் போட்டுருவனோன்னு அந்தப் புள்ளை பயந்து பாத்துச்சு. சத்தமெல்லாம் வல்லீங்க. லெட்டரை மடிச்சு வெச்சுக்கிட்டு, சாயம் கழுவற எடத்துல போயி மூஞ்சியைக் கழுவுனேன். என்னால போச்சுங்கறதை நான் தெரிஞ்சுக்கப்படாதுன்னு, அந்தக் காயிதத்தைக் கையில வெச்சுக்கிட்டு, இல்லாத வார்த்தையை வரிக்கு வரி படிச்சிருக்கா. தான் போக முடியாத எடத்துக்கு என்னையும் கூட்டிட்டுப் போறேன்னு படிச்சிருக்கா. அவளுக்கு எத்தனை அழுகை வந்திருக்கும்? எனக்கு முன்னால ஒரு சொட்டு அழுகலீங்க.

பொழுதோட ஊட்டுக்குப் போனேன். தமிழு பாப்பாவுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தா. என்னைப் பாத்ததும் எந்திரிச்சு வந்தா.

"ஏனுங்க, மாசம் பாக்கச் சொன்னீங்களா?"

அந்த லெட்டர்ல மாசமே இல்லைன்னு அவளுக்குத் தெரியும். நான் என்ன சொல்லப் போறேன்னு மூச்சைப் புடிச்சுக்கிட்டு நிக்கறது எனக்குத் தெரிஞ்சுது.

"பாத்துச்சு. வைகாசியாம்"னேன்.

அவ என் மூஞ்சியையே பாத்தா. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவளுக்கும் தெரிஞ்சுபோச்சு. கண்ணு ரெண்டும் நெறைஞ்சு வழிஞ்சுது, தொடைச்சுக்கவே இல்லை.

"வைகாசியில பாப்பாவுக்கு லீவுங்க. மூணு பேரும் ஒட்டுக்காப் போலாமுங்க"ன்னா.